யாருக்குப் பிடிக்காது?

எங்கள் சோபாப் பட்டறையில் வெட்டுவது என் வேலை. துணியை வெட்டுவேன், ரெக்சினை வெட்டுவேன், வருகிறவர் அநியாயத்துக்குப் பேரம் பேசினால் பேச்சையும் வெட்டுவேன். என் வீட்டுக்காரர் ஸ்பாஞ்சு வைத்து அடைப்பார். மரச் சட்டம் போட ஒரு தச்சர் இருக்கிறார். சின்ன ஆணிகளை வாய் நிறைய வைத்துக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக வெளியே தள்ளித் தள்ளி அடிப்பார். அதனால் அவர் பெயரே ஆணி என்று ஆகிவிட்டது. எதைக் கேட்டாலும் "ம்" என்றுதான் பதில் வரும். முடிந்த சோபாக்களை என் மகன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வீடுகளில் இறக்குவான். தையல் மெஷினில் என் மருமகள்.

எனக்கு என் மருமகளை ரொம்பப் பிடிக்கும். ஒரு மாமியார் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, நம்பாவிட்டால் போங்கள். கல்யாணமாகி வந்த புதிதில், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று பட்டறைக்கு வந்தவள். வந்த கொஞ்ச நாளிலேயே அந்தக் கிழட்டு மெஷின் அவள் சொன்னபடியெல்லாம் கேட்க ஆரம்பித்தது. எங்களிடம் இருக்கும்போது அது நூலை அறுப்பதைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை. என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சோபாவின் ஓரத்தைத் தடவிக் காட்டி, "என் மருமக தையல்" என்பார். அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நேரில் பாராட்டினால் தலைக்கேறிவிடுமாம்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, அடுத்த தெருவில் பை தைக்கிற இடத்தில் தன்னைக் கூப்பிடுகிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், போகலாம் என்று நினைக்கிறேன் என்றாள். ஏன் என்று கேட்டேன். "சும்மாதான் அத்தை, ஒரு மாறுதலுக்கு" என்றாள். என் கையிலிருந்த கத்தரிக்கோல் அப்படியே நின்றுவிட்டது.

மாறுதலுக்காக யாராவது சொந்தப் பட்டறையை விட்டுப் போவார்களா? காரணம் என் வாய்தான் என்று முடிவு கட்டினேன். காலையில் கதவைத் திறந்ததிலிருந்து சாயங்காலம் பூட்டுகிறவரை நான் பேசிக்கொண்டே இருப்பேன், அது எனக்கே தெரியும். சரி, வாயைக் கட்டிப்போடலாம் என்று பேசாமல் இருந்து பார்த்தேன். மறுநாளே என் வீட்டுக்காரர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஆணி வாயிலிருந்த ஆணிகளையெல்லாம் உள்ளங்கையில் துப்பிவிட்டு, "அக்கா, டாக்டரைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். மருமகள் பயந்துபோய் எனக்கு வெந்நீர் வைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் போகிறேன் என்று சொன்னதை மட்டும் திரும்பப் பெறவில்லை.

என் வீட்டுக்காரர் தன் பங்குக்கு வேறொன்றை நினைத்துக்கொண்டார். மாமனாருக்குக் கீழே வேலை பார்ப்பது அவளுக்கு அவமானமாக இருக்கிறது, தன்னை அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது அவர் கட்சி. என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார், அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. பேச வேண்டியதையெல்லாம் சிகரெட்டாக ஊதித் தள்ளினார்.

அந்தச் சிகரெட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டில் அதற்கு இடம் கிடையாது. வாசலைத் தாண்டி ஒரு இழுப்பு உள்ளே வந்தால் சாப்பாடு வெளியேதான் என்று நான் எப்போதோ சொல்லியாயிற்று. பட்டறை அவர் ராஜ்யம். அங்கே ஸ்பாஞ்சுக் குவியல் பக்கம் மட்டும் பற்ற வைக்க மாட்டார், மற்றபடி நாள் முழுவதும் கையில் புகைந்துகொண்டே இருக்கும். கூரைக்குக் கீழே ஒரு படலம் எப்போதும் தொங்கும். போன மாதம் சோபா வாங்கிய ஒரு அம்மா போன் செய்து சண்டை போட்டார். அவர் வீட்டுக்காரர் சிகரெட்டை விட்டுப் பல வருஷம் ஆகிறதாம், எங்கள் சோபா வந்ததிலிருந்து அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாராம்.

மருமகள் மெஷினை ஜன்னலை ஒட்டித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். வெளிச்சத்துக்காக என்றாள். மூக்கைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டாள். ஸ்பாஞ்சுத் தூசு என்றாள். மத்தியானம் சாப்பாட்டை வெளியே படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். வேடிக்கை பார்க்கப் பிடிக்கும் என்றாள். ஒரு நூல் பிசகாமல் துணி வெட்டுகிற எனக்கு இது மூன்றையும் ஒட்டவைத்துப் பார்க்கத் தெரியவில்லை. இதற்குத்தான் இத்தனை பெரிய தலையைக் கழுத்துமேல் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

இந்த நிலைமையில்தான் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். வேலை செய்கிற இடங்களிலும் பொது இடங்களிலும் புகை பிடிக்கத் தடை வந்திருக்கிறது, அதைக் கடை கடையாகப் போய்ப் புரியவைக்கிறோம் என்றார். என் வீட்டுக்காரர் கையில் இருந்ததை அணைக்காமலே வாதத்தில் இறங்கினார். இது பொது இடம் இல்லை, என் சொந்த இடம் என்றார். சொந்த இடமாக இருந்தாலும் ஆட்கள் வேலை செய்தால் அது வேலையிடம்தான் என்றார் அதிகாரி. எல்லாரும் வீட்டு ஆட்கள்தான் என்றார் இவர். அந்த அம்மா திரும்பி ஆணியைப் பார்த்தார். ஆணி "ம்" என்றார். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

"வீட்டு ஆளுங்கன்னா மூச்சு விட மாட்டாங்களா சார்?" என்று அதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். அவர் சிகரெட்டை யாரும் பிடுங்க வரவில்லையாம். அவர் விடுகிற புகையை, வேறு வழியில்லாமல் பக்கத்தில் இருக்கிறவர் இழுக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். வாசலுக்குள் நுழைகிறவர் கண்ணில் படும்படி ஒரு அறிவிப்பு வைக்க வேண்டும், மாதக் கடைசியில் வந்து பார்ப்பேன் என்று சொல்லி, சந்தேகம் இருந்தால் கேட்கத் தன் போன் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போனார். நம்பரைக் கொடுத்தது அவர் செய்த தப்பு.

என் வீட்டுக்காரருக்கு எதிலும் ஒரு சந்து கிடைத்தால் போதும், நுழைந்துவிடுவார். முதலில் உடம்பை உள்ளேயும் சிகரெட் பிடித்த கையை வெளியேயும் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றார். காற்று புகையை வாரிக்கொண்டு உள்ளே வந்து கொட்டியது. பின்பக்கச் சாமான் அறைக்குப் போகலாமா என்று போன் செய்தார், அதுவும் வேலையிடம்தான் என்று பதில் வந்தது. வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை மூடிக்கொண்டார். அது என் வேலையிடம் என்று மகன் இறக்கிவிட்டான். கழிப்பறைக்குள் போனார். அன்றைக்கு ஆணியே வாய் திறந்து, அண்ணன் உள்ளே போனால் வெளியே வருவதில்லை, நான் எங்கே போவது என்று முறையிட்டார். கடைசியில், வண்டியில் ஏற்றுவதற்காக நடைபாதையில் இறக்கி வைத்த சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, இது எந்தக் கணக்கில் வரும் என்று மறுபடி போன் செய்தார்.

"நல்லாத்தான் கேள்வி கேக்கறீங்க சார்" என்றாராம் அந்த அம்மா. "எல்லாத்துக்கும் ஒரே பதில்தான். பக்கத்துல யாராவது மூச்சு விடறாங்களான்னு பாருங்க."

பக்கத்தில் பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். இவருக்கு அலுத்துவிட்டது. பட்டறைக்குள் வந்து மின்விசிறிக்கு எதிரே உட்கார்ந்து, விசிறி எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடும் என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு பற்ற வைத்தார். விசிறி எல்லாவற்றையும் நேராக மெஷின் பக்கம் தள்ளியது. மருமகள் துணியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் மூக்கின்மேல் வந்தது. அறிவிப்பாவது வைப்போம் என்றேன். கடையில் விற்கிற பலகையை வாங்கி மாட்டினால் நமக்குத்தான் கேவலம், வேண்டுமானால் நீயே செய்துகொள் என்றார். செய்தேன். முடி வெட்டுகிற கடை நாற்காலிகளுக்கு வந்த சிவப்பு ரெக்சினில் மிச்சம் கிடந்தது. ஸ்பாஞ்சு வைத்து வெள்ளைத் துணி போர்த்திய ஒரு பலகையில், 'இங்கே' என்று மேலேயும் 'புகை பிடிக்கக் கூடாது' என்று கீழேயும் எழுத்துகளை வெட்டி ஒட்டுவது என் திட்டம்.

வெட்டி முடித்து, 'இங்கே'யை மேலே ஒட்டிவிட்டு, மற்றவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பழக்க தோஷத்தில் ஒவ்வொரு எழுத்தையும் சுற்றித் தையலுக்கு ஓரம் விட்டு வெட்டியிருக்கிறேன். ஒட்டப்போகிற எழுத்துக்குத் தையல் ஓரம் எதற்கு? கைக்குத் தெரியவில்லையே. ஒவ்வொரு எழுத்தும் விருந்தாளியாகப் போய்த் தங்கிவிட்டு வந்தது மாதிரி பருத்திருந்தது. 'புகை பிடிக்' என்பதற்குள்ளேயே பலகை முக்கால்வாசி முடிந்துவிட்டது. மிச்சம் இருந்த இடத்தில் இன்னும் இரண்டு எழுத்துக்குமேல் போகாது, ரெக்சினும் தீர்ந்துவிட்டது. 'பிடிக்காதே' என்று போடலாம், ஆனால் கடைக்கு வருகிறவரை அதட்டுகிற மாதிரி இருக்கும். 'பிடிக்காதீர்' என்றால் மரியாதை இருக்கும், இடம் இருக்காது.

யோசித்து, 'டா'வின் காலை வெட்டி எடுத்து 'க'வுக்குப் பக்கத்தில் வைத்தேன். 'கா' ஆகிவிட்டது. அதற்குப் பக்கத்தில் 'து'. இடமும் சரியாக இருந்தது. பசையைத் தடவி ஒட்டினேன். ஆணியைக் கூப்பிட்டுச் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். "ம்" என்றார். வாசலுக்கு நேரே அடித்து மாட்டிவிட்டார்.

இங்கே புகை பிடிக்காது.

என் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு வந்து, பற்ற வைத்துக்கொண்டே அண்ணாந்து படித்தார். இன்னொரு தடவை படித்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பல நாளாக அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. மகனும் வண்டியிலிருந்து இறங்கி வந்து படித்துவிட்டுச் சிரித்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது, ஆனால் ஒப்புக்கொள்வேனா?

"இங்கே புகை பிடிக்காதாமே" என்றார். "யாருக்குப் பிடிக்காது?"

ஒவ்வொருவராக விசாரணையை ஆரம்பித்தார். ஆணியைக் கேட்டார். ஆணி நிதானமாக எல்லா ஆணியையும் எடுத்து வைத்துவிட்டு, எனக்குப் பிடிக்கும், வாய்தான் ஒழிவதில்லை என்றார். மகனைக் கேட்டார். அவன், நான் பாதி நேரம் ரோட்டில் இருக்கிறேன், என்னை விட்டுவிடுங்கள் என்று நழுவினான். என்னைக் கேட்டார். வீட்டில் பிடிக்காது, இங்கே மூக்கு செத்துப்போய்விட்டது என்றேன். பார்த்தாயா, யாருக்கும் பிடிக்காமல் இல்லை, உன் பலகை பொய் சொல்கிறது, கழற்றப்போகிறேன் என்று நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினார்.

மெஷின் சத்தம் நின்றது.

"எனக்கு, மாமா" என்றாள் மருமகள்.

மூக்கில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்குப் பிடிக்காது. வந்த நாள்லேர்ந்தே பிடிக்காது. கண்ணு எரியுது. வீட்டுக்குப் போனா இருமல் நிக்க மாட்டேங்குது."

ஆணி இன்னொரு வாய் ஆணி போட்டிருந்தால் அப்படியே விழுங்கியிருப்பார். என் வீட்டுக்காரர் நாற்காலிமேல் நின்றபடியே அவளைப் பார்த்தார். இதை முன்னாலேயே சொல்வதற்கு என்ன என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்க பெரியவங்க, உங்க பட்டறை. எப்படி மாமா வந்து சொல்றது? இப்ப நீங்களாத்தானே கேட்டீங்க, யாருக்குன்னு."

"அப்போ பை தைக்கப் போறேன்னு சொன்னது?"

"இதுக்குத்தான்."

அவர் கீழே இறங்கினார். அடுத்து அவர் கேட்டதை, அந்தக் குரலில், நான் அதுவரை கேட்டதில்லை. "என்னைப் பிடிக்கலைன்னு இல்லையேம்மா?"

"ஐயோ, உங்களைப் போய் யாருக்காவது பிடிக்காம இருக்குமா மாமா?" என்றாள் அவள். "புகைதான்."

மனுஷன் கையிலிருந்த சிகரெட்டைப் பார்த்தார். விரலில் சுடுகிற எதையோ பார்ப்பது மாதிரி இருந்தது. பிறகு வெளியே போய், சாலையைக் கடந்து, எதிரே இருக்கும் காலி மனையின் கோடி வரைக்கும் நடந்து, அங்கே போய் அணைத்தார். நாங்கள் ஜன்னலில் நின்று பார்த்தோம். அவருக்குக் 'கூடாது' என்று சொன்னால் எங்கே கூடும் என்று தேடத் தோன்றும், பிறவிக் குணம் அது. 'பிடிக்காது' என்று ஒருத்தி முகத்தைப் பார்த்துச் சொன்ன பிறகு தேட என்ன இருக்கிறது?

மறுநாள் பட்டறையையே வெளியே தூக்கிப் போட்டுக் கழுவினோம். துணிச் சுருள்களை வெயிலில் விரித்தோம். ஸ்பாஞ்சுகளை ஒவ்வொன்றாக வெளியே நிறுத்திக் கம்பால் அடித்தோம், ஆணிக்கு அதில் தனி உற்சாகம். மகன் சுவருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறேன் என்று அப்பாவையும் சேர்த்துப் பீய்ச்சினான். அவர் குழாயைப் பிடுங்கி அவனைத் துரத்தினார். பழுப்புச் சுவர் என்று நாங்கள் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்த சுவர், தேய்க்கத் தேய்க்க இளம் பச்சையாக வெளியே வந்தது. யார் பச்சை அடித்தது, எப்போது அடித்தது என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. மருமகள் மூக்கில் துணி இல்லாமல், முடியெல்லாம் நனைந்து, சுவரைத் தேய்த்துக்கொண்டே எதற்கோ சிரித்தாள். எனக்கு நன்றாக இருந்தது.

சிகரெட்டை விட்டுவிட்டார் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காகச் சாலையைக் கடந்து காலி மனையின் கோடிக்குப் போய் வர வேண்டியிருந்தது, என் வீட்டுக்காரருக்கு நடப்பது என்றாலே வேப்பங்காய். கிளம்பி வாசல் வரை போவார், வெயிலைப் பார்ப்பார், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிடுவார். இப்படியே பாதி குறைந்தது.

பை தைக்கிற விஷயத்தைப் பற்றி மட்டும் மருமகள் வாயே திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அவர் எனக்குக் கண்டிப்பாக உத்தரவு போட்டிருந்தார். நாம் செய்ததைச் சொல்லிக் காட்டி அவளை நிறுத்தி வைக்கிற மாதிரி ஆகிவிடும், அவளாகச் சொல்லட்டும் என்றார். சொல்லிவிட்டு, குட்டி போட்ட பூனை மாதிரி மெஷினையே சுற்றிச் சுற்றி வந்தார்.

மாதக் கடைசியில் அதிகாரி அம்மா வந்தார். பலகையைப் படித்துவிட்டு, உட்கார இடம் தேடி உட்கார்ந்து சிரித்தார். சட்டப்படி 'கூடாது' என்றுதான் இருக்க வேண்டும் என்று ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்து, அதையும் பக்கத்தில் ஒட்டச் சொன்னார். இதையும் எடுக்காதீர்கள் என்றார். எழுந்து போகும்போது, ஆமாம், யாருக்குப் பிடிக்காது என்று கேட்டார்.

"என் மருமகளுக்கு" என்றார் என் வீட்டுக்காரர். அவளுக்கு ஏதோ பரிசு கிடைத்ததை அறிவிக்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

அன்றைக்கே, கொஞ்ச நேரம் கழித்து, பை தைக்கிற இடத்துக்காரி பதில் கேட்டு நேரிலேயே வந்துவிட்டாள். நல்ல பெண். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று முயன்று பார்த்தேன், கிடைக்கவில்லை. வெளிச்சமான இடத்தில் புது மெஷின் போட்டு வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரரால் அங்கே நிற்க முடியவில்லை. சட்டைப்பையைத் தடவிக்கொண்டே சாலையைக் கடந்து போய்விட்டார்.

மருமகள் அவள் சொன்னதையெல்லாம் முழுவதும் கேட்டாள். பிறகு, "மன்னிச்சுக்குங்கக்கா, நான் வரல" என்றாள். "எனக்கு இங்கேயே பிடிச்சிருக்கு."

நான் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன், எதிர்ப்பக்கம் பார்த்துக் கூப்பிட. அவள் என் கையைப் பிடித்து நிறுத்தி, நானே போய்ச் சொல்கிறேன் அத்தை என்றாள். சரி என்றேன். ஆனால் உள்ளே இருக்க முடியுமா? நான்கு அடி தள்ளிப் பின்னாலேயே போனேன்.

அவர் அப்போதுதான் பற்ற வைத்திருந்தார். அவள் வருவதைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டித் தடுத்தார். "கிட்ட வராதேம்மா, புகை."

அவள் அங்கேயே நின்றாள். "அந்தப் பெரிய சோபாவுக்குத் துணி தைக்கணும் மாமா. ரொம்ப நீளம். மறுமுனையை ஒரு ஆள் பிடிச்சாத்தான் தையல் நேரா வரும்."

உன் புருஷனைக் கூப்பிடு, அல்லது உன் அத்தையைக் கூப்பிடு என்றார் அவர், எங்கோ பார்த்துக்கொண்டு.

"இல்ல, நீங்க பிடிங்க. நாளைக்கும் பிடிக்கணும், அதுக்கப்புறமும் பிடிக்கணும். நான் எங்கேயும் போகல."

அவருக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சிகரெட்டைக் கீழே போட்டு, அது என்ன பாவம் செய்ததோ, மிதிமிதியென்று மிதித்தார். வேகமாகச் சாலையைக் கடந்து வந்து, குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். விரல்களை மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினார். உள்ளே வந்து, "இதோ பாரும்மா" என்று என்னவோ ஆரம்பித்தார், முடிக்க வரவில்லை. கடைசியில், "உன் தையல் மாதிரி ஒரு தையல் நான் பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் துணியின் ஒரு முனையை அவரிடம் கொடுத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். எப்போதும் ஒரு கையைச் சிகரெட்டுக்கென்று ஒதுக்கி வைத்தே வேலை செய்த மனுஷன், அன்றைக்கு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.